அழுக்கு வெள்ளை

அண்ணி கோபமாக இருக்கிறாள் என்பது படியேறும் சத்தத்திலேயே தெரிந்தது. ஸ்டூடியோவின் மாடிப்படி பலகைப்படி. ஒவ்வொரு பலகையும் யாரையோ நினைத்து மிதிபட்டது. பின்னால் ஏறிய தகரம், எந்த மிதி யாருக்கு என்று மனசுக்குள் பங்கு பிரித்துக்கொண்டு வந்தான். ஒன்று இன்ஸ்பெக்டருக்கு. ஒன்று லாக்கப்பில் கிடக்கும் எலெக்ட்ரீஷியனுக்கு. திருப்பத்தில் கைப்பிடியே ஆடும்படி விழுந்த மிதி, சந்தேகமில்லாமல் தகரத்தின் அண்ணனுக்கு.

அந்த அண்ணனைத்தான் அவள் விவாகரத்து செய்திருந்தாள். புருஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கொழுந்தனை மட்டும் துப்பறியும் வேலைக்கு வைத்துக்கொண்டாள். கேட்பவர்களிடம், அந்த வீட்டில் உருப்படியாக இருந்த சாமான் இது ஒன்றுதான் என்பாள். வாய் ஓயாததால் அவனுக்குத் தகரம் என்று பேர் வைத்ததும் அவள்தான். சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்ப்பதில்லை.

வழக்கு சின்னது, அசிங்கமானது. இந்த ஸ்டூடியோவின் சொந்தக்காரர் போன வாரம் தன் இருட்டறையில் செத்துக் கிடந்தார். அவர் கை ஒரு பழைய இரும்புப் பெட்டியின் மேல் இருந்தது. காண்டாக்ட் பிரிண்டர். மேலே கண்ணாடி, கீழே பல்பு. கண்ணாடி மேல் நெகட்டிவ், அதன் மேல் பேப்பர், அதற்கு மேல் அழுத்தும் மூடி. நெகட்டிவ் எவ்வளவு பெரிதோ படமும் அவ்வளவே பெரிது. பல வருஷமாகச் சும்மா கிடந்த பெட்டியை இப்போது வரும் பேப்பருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கட்டிக் கொடுத்தவன், ஊரே ஃபியூஸ் என்று கூப்பிடும் எலெக்ட்ரீஷியன். பெட்டியின் உடம்பில் கரண்ட் ஏறியிருந்தது. உள்ளே எர்த் ஒயர் மாட்டாமல் தொங்கியது. இன்ஸ்பெக்டருக்கு அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. அலட்சியத்தால் ஒரு உயிர் போனது என்று எழுதி ஃபியூஸை உள்ளே தள்ளிவிட்டார். நாளைக்குக் கோர்ட்.

ஃபியூஸின் அக்கா தையல்காரி. அப்பா அம்மா இல்லாத தம்பியைத் தனியாளாக வளர்த்தவள். அண்ணியின் ஆபீசுக்கு வந்தபோது அவள் அழவில்லை. நாற்காலியில் உட்காரவும் இல்லை. தம்பியை வெளியே கொண்டுவர வேண்டும், வேறெதுவும் எனக்கு வேண்டாம் என்றாள். யார் மேலாவது சந்தேகமா என்று அண்ணி கேட்டதற்கு, செத்தவரின் சகலையைக் கைகாட்டினாள். கீழே கடையில் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் அந்த ஆள், மாடி இருட்டறையைக் காலி பண்ணச் சொல்லி நாள் தவறாமல் சண்டை போட்டது தெருவுக்கே தெரியும்.

அன்று காலையில் லாக்கப்புக்குப் போய் ஃபியூஸைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தவன், இந்தப் பக்கம் இருந்தவர்களை அதட்டினான். மறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை ஒத்துக்கொண்டால் கேஸ் லேசாகப் போய்விடும் என்று இன்ஸ்பெக்டரே சொல்லியிருக்கிறார். முடியாது என்றுவிட்டானாம். கழுத்தை அறுத்தாலும் அந்த வார்த்தை வாயில் வராது என்றான்.

"ஃபியூஸ்னு பேரை வச்சிக்கிட்டு நீங்க வேலைக்குப் போனா, ஜனங்க எப்படி நம்புவாங்க?" என்றான் தகரம்.

"ஃபியூஸ் போகும்தான். ஆள் சாகக் கூடாதுன்னுதானே அது போகுது. உனக்கு அதுகூடத் தெரியாதா?"

அண்ணி இருவரையும் ஒரு பார்வையில் அடக்கிவிட்டு, பெட்டியை எப்படி மாற்றினான் என்று கேட்டாள். அங்கேதான் அவன் குரல் இறங்கியது. தரையில் விரலால் படம் போட்டே காட்டினான்.

"பழைய பேப்பர் எருமைத்தோல் மேடம். கீழ பெரிய பெரிய பல்பா எரிய விட்டு வாட்டினாத்தான் படம் விழும். இப்ப வர்ற பேப்பர் தொட்டாச்சிணுங்கி. அந்த வெளிச்சத்தைக் காட்டினா, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள கரிக்கட்டை."

அதனால் எல்லா பல்பையும் கழற்றிவிட்டு, மங்கலாக எரியும் ஒன்றை மட்டும் விட்டிருக்கிறான். வெளிச்சம் ஒரே சீராகப் பரவப் பால் கண்ணாடி போட்டிருக்கிறான். புதுப் பேப்பர் வழுக்குகிறது என்று மூடியில் புது கம்பளித்துணி ஒட்டி, தானாக அணையும் டைமர் வைத்திருக்கிறான். கடைசியாக, நெகட்டிவை நேராக வைத்துப் பார்ப்பதற்காகப் பெட்டியின் ஓரத்தில் எப்போதும் எரியும் குட்டி பல்பு. அது முன்பு மஞ்சள். பழைய பேப்பருக்கு மஞ்சள் வெளிச்சம் இருட்டு மாதிரிதான், ஒன்றும் செய்யாது. புதுப் பேப்பருக்கு அதுவே பகல். அதைக் கழற்றி மேஜை டிராயரில் போட்டுவிட்டுச் சிவப்பு மாட்டினேன் என்றான். இந்த ஒன்றை மறந்தால் செய்த மொத்த வேலையும் தண்டம் என்றும் சொன்னான்.

அண்ணி விருட்டென்று எழுந்து வந்துவிட்டாள். அந்தக் கோபம்தான் இப்போது பலகைப்படியில் விழுந்துகொண்டிருந்தது.

சகலை சாவிக்கொத்தோடு மேலே நின்றிருந்தார். பனியன் முழுக்க நாலு நிறத்து மை. போலீஸ் பார்த்து முடித்த அறையில் இன்னும் என்ன என்று முனகிக்கொண்டே திறந்துவிட்டார். கதவுக்கு உள்ளே கனமான கருப்புத் திரை ரெண்டு மடிப்பாகத் தொங்கியது. தகரம் அதில் தலையை விட்டு, வழி தெரியாமல் சுற்றி, மூச்சுத் திணறி மறுபக்கம் வந்து விழுந்தான். இதற்குள் மாட்டினால் கடன்காரன்கூடக் கண்டுபிடிக்க மாட்டான் என்றான். அண்ணி திரையின் ஓரத்தைப் புரட்டிப் பார்த்தாள். காற்றில் பறக்காமல் இருக்க அடியில் கனம் வைத்துத் தைத்திருந்தது. துணியில் இன்னும் கஞ்சி வாசனை போகவில்லை.

அறை சின்னது. ஒரு பக்கம் தொட்டி, தட்டுகள், மருந்து பாட்டில்கள். மறுபக்கம் மேஜை மேல் அந்தப் பெட்டி. பிளக்கைப் பிடுங்கிப் போட்டு, வயரைச் சுற்றிச் சீல் வைத்திருந்தார்கள். குறுக்கே கட்டிய கயிற்றில் கிளிப் போட்டு சில படங்கள் காய்ந்து சுருண்டிருந்தன. எல்லாம் ஒரே படம். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சின்னப் பெண்ணின் முகம், ரொம்பக் கிட்டத்தில். வாய் நன்றாகத் திறந்திருந்தது, கண் இரண்டும் பளபளவென்று. அந்த நொடியில் யாரோ நல்ல ஜோக் சொன்ன மாதிரி. பற்பசைக்காரன் பார்த்தால் தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்றான் தகரம்.

செத்தவர் வைக்கவிருந்த கண்காட்சியில் இதுதான் முதல் படமாக இருந்திருக்கும் என்றார் சகலை. பேரைக்கூட எழுதி வைத்துவிட்டாராம். 'சிரிப்பு'. பெண் யார் என்று அவருக்குத் தெரியாது. அவர் சகலையாகி இங்கே வருவதற்கு ரொம்ப முந்தி எடுத்த படம்.

அண்ணி படத்தின் சிரிப்பைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் சட்டைக் காலரைப் பார்த்தாள். பல்லைப் பார்த்தாள். படத்தைச் சுற்றியிருந்த வெள்ளை ஓரத்தைப் பார்த்தாள். பிறகு சுவரில் தனியாகக் குத்தியிருந்த ஒரு படத்தைப் பிடுங்கிப் பக்கத்தில் வைத்தாள். அது ஏதோ கடை வாசல். மூலையில், 'ஃபியூஸ் வேலை முடிந்து எடுத்த முதல் படம். சுத்தம்' என்று செத்தவர் பென்சிலால் எழுதியிருந்தார்.

கடை வாசலின் வெள்ளை, வெள்ளையாக இருந்தது. சிரிக்கிற பெண்ணின் வெள்ளை, சாம்பல் தண்ணீரில் அலசிய துணி மாதிரி இருந்தது.

"சலவைக்காரனை மாத்திட்டாங்க போல," என்றான் தகரம்.

"வாயை மூடிட்டு ஸ்க்ரூ டிரைவர் எடு."

பெட்டியின் பக்கத்தகடு கழன்றதும் உள்ளே மங்கல் பல்பு, பால் கண்ணாடி, டைமர் எல்லாம் ஃபியூஸ் போட்ட படம் மாதிரியே இருந்தன. ஓரத்துக் குட்டி பல்பு மட்டும் மஞ்சள்.

அண்ணியின் கழுத்து நரம்பு புடைத்தது. இன்ஸ்பெக்டர் இதே தகட்டைக் கழற்றியிருக்கிறார். இதே பல்புக்கு அரை முழம் தள்ளித் தொங்கிய எர்த் ஒயரைப் பார்த்திருக்கிறார். மாட்டாத ஒயர் என்றால் மறந்த எலெக்ட்ரீஷியன், அவ்வளவுதான். மஞ்சள் பல்பு அவர் கண்ணில் விழுந்து அவரையே வெறித்திருக்கும். கூலிக்கு மாரடிக்கிற ஆள் என்று அவரை வாய்விட்டுத் திட்டினாள். சகலை தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக் கொஞ்சம் பின்னால் நகர்ந்தார்.

தகரம் மேஜைக்கு அடியில் தவழ்ந்தான். உள்ளங்கையில் சுருக்கென்றது. கையை வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தபோது ரத்தத்தை விடச் சிவப்பாக ஒரு கண்ணாடிச் சில்லு.

அதற்கு மேல் கதை தானாகவே ஓடியது. ஃபியூஸ் சிவப்பு பல்பு மாட்டி, சுத்தமாக ஒரு படம் எடுத்துக் காட்டிவிட்டுப் போயிருக்கிறான். அதற்குப் பிறகு யாரோ பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். எர்த்தைக் கழற்றி, வேறொரு ஒயரை இரும்பு உடம்பில் படும்படி இடம் மாற்றும்போது சிவப்பு பல்பு கைதவறி உடைந்திருக்கிறது. பல்பு எரியாவிட்டால் ஸ்டூடியோக்காரர் தொடுவதற்கு முன்பே உஷாராகிவிடுவார். டிராயரில் கிடந்த மஞ்சளை மாட்டி மூடியிருக்கிறார்கள். அவர் வந்து மரப்பிடியைப் பிடித்து மூடியை அழுத்தி ஒரு படம் எடுத்தார், அழுக்கு. இன்னொன்று எடுத்தார், அழுக்கு. எரிச்சலில் இரும்பு உடம்பைப் பிடித்துத் திருப்பப் போனார்.

அண்ணி சகலையைக் கேட்டாள். எலெக்ட்ரீஷியன் போன பிறகு இந்த அறைக்குள் யார் வந்தது? யாரும் வரவில்லை என்றார். கீழே மெஷின் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்காது. இருட்டறைக்குள் அவர் நுழைந்ததே கிடையாது, இந்த மருந்து நாற்றம் ஆகாது. சொல்லும்போதே அவர் நெற்றி வியர்த்தது. தகரம் அந்த வியர்வையைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினான். கேஸ் முடிந்தது என்றே நினைத்தான்.

அண்ணி போனை எடுத்தாள். இன்ஸ்பெக்டரை வரச் சொன்னாள். தையல்காரியையும் கூப்பிட்டு, தம்பி வெளியே வருவதற்கு வழி கிடைத்துவிட்டது, கண்ணால் பார்க்க வாங்க என்றாள்.

இன்ஸ்பெக்டர் வந்ததும் வராததுமாகத் தன் நேரத்தின் அருமையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அண்ணி அவரைத் திரைக்குள் தள்ளாத குறையாக உள்ளே அனுப்பினாள். தகரம் கடையிலிருந்து ஒரு சிவப்பு பல்பும் ஒரு மஞ்சள் பல்பும் வாங்கி வந்து, பாட்டிலில் எழுதியிருந்தபடி மருந்து கலந்து வைத்திருந்தான். பெட்டியை யாரும் தொடவில்லை. ஒரு சாதாரண பல்பு ஹோல்டர் போதும் என்றுவிட்டாள் அண்ணி. சகலை மூலையில் ஒட்டிக்கொண்டார். தையல்காரி மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள்.

கதவை அடைத்து, சிவப்பு பல்பு மட்டும் எரிந்தது. எல்லார் முகமும் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்த மாதிரி ஆயிற்று.

அண்ணியின் ஒரு கையில் மஞ்சள் பல்பு, மறு கையில் சகலையின் கொத்திலிருந்து கழற்றிய ஒரு சாவி. அலமாரியில் இருந்த பேப்பர் கட்டிலிருந்து ஒன்றை எடுத்து மேஜையில் வைக்கச் சொல்லித் தையல்காரியைக் கேட்டாள். அவள் கறுப்பு உறையைப் பிரித்து ஒரு தாளை உருவினாள். அதன் மூலையை உதட்டருகே கொண்டுபோனாள், லேசாக ஒட்டி எடுத்தாள், தாளைத் திருப்பி மேஜையில் வைத்தாள். உறையை மறுபடி இறுக்கி மடித்தாள். மொத்தமும் ஒரு மூச்சுக்குள் முடிந்துவிட்டது. பேப்பருக்கு முத்தம் கொடுக்கிறார்களே என்று சொல்ல வாய் திறந்த தகரம், அண்ணியைப் பார்த்து மூடிக்கொண்டான். அவள் கையில் சாவி ஆடாமல் நின்றிருந்தது.

பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி அண்ணி வேலையைத் தொடர்ந்தாள். தாள் மேல் சாவியை வைத்துச் சிவப்பு வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் விட்டு, மருந்தில் போட்டாள். தாள் பளிச்சென்று வெள்ளையாகவே கிடந்தது. அடுத்த தாளில் சாவியை வைத்து மஞ்சள் பல்பை எரியவிட்டாள். மருந்தில் போட்டதும் தாள் மெல்லச் சாம்பலாயிற்று. நடுவில் சாவியின் உருவம் மட்டும் வெள்ளையாக நின்றது.

இன்ஸ்பெக்டர் தாளையும் கயிற்றில் தொங்கிய படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் மந்தமே தவிர முட்டாள் இல்லை. எலெக்ட்ரீஷியனுக்குப் பிறகு யாரோ பெட்டியைத் திறந்திருக்கிறார்கள் என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டுச் சகலை பக்கம் திரும்பி, ஒரு அடி எடுத்து வைத்தார்.

"சார், எனக்கு இதுல மேல் எது கீழ் எதுன்னே தெரியாது சார்," என்றார் சகலை.

"தெரியாதுதான்," என்றாள் அண்ணி. "அதனாலதான் இவர் இல்ல. பல்பு உடைஞ்சிருந்தா இவர் அப்படியே போட்டுட்டு ஓடியிருப்பார். மஞ்சள் வெளிச்சம் பேப்பரைக் கெடுக்காதுன்னு நம்பி மாட்டின கை வேற. டிராயர்ல அது எங்க இருக்கும்னு தெரிஞ்ச கை. அந்தக் காலத்துப் பேப்பர்ல வேலை பாத்த கை."

அவள் தையல்காரியைப் பார்க்காமலே கேட்டாள்.

"இந்தத் திரையைத் தைச்சது நீங்கதானே?"

"ஆமா. தம்பி சொல்லித் தைச்சேன்."

"மாட்ட வந்தது?"

"நான்தான்."

திரை மாட்ட ஒரு அம்மா வந்தது என்று சகலைக்கு இப்போதுதான் நினைவு வந்தது. அதையெல்லாம் ஆள் வந்த கணக்கில் அவர் சேர்க்கவே இல்லை.

"பேப்பரை ஏன் உதட்டுல வச்சீங்க?" என்றாள் அண்ணி.

சிவப்பு வெளிச்சத்தில் தையல்காரியின் கை தானாக வாய்க்குப் போனது. பாதியில் நின்றது. தகரத்துக்கு அப்போதுதான் உறைத்தது. இருட்டில் தாளில் எது மருந்து பூசிய பக்கம் என்று கண்ணுக்குத் தெரியாது. உதட்டில் வைத்தால் ஒட்டுகிற பக்கம்தான் முகம். இது யாரும் யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. வருஷக்கணக்காக இருட்டில் நின்ற உடம்பு தன்னால் செய்கிறது.

"எந்த ஸ்டூடியோ?" என்றாள் அண்ணி.

"இதேதான்."

இன்ஸ்பெக்டர் வெள்ளை விளக்கைப் போட்டார். எல்லாரும் கண்ணைச் சுருக்கினார்கள். தையல்காரி மட்டும் சுருக்கவில்லை. கயிற்றில் தொங்கிய முகத்தை நேராகப் பார்த்தாள். தகரமும் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான், பற்பசை ஜோக் அடித்த தன் வாயை அறுத்துப் போடலாம் போலிருந்தது.

"சிரிப்புன்னு பேர் வச்சிருக்கான்," என்றாள் அவள். "நல்லாப் பாருங்க. சிரிப்பா அது?"

ஒருமுறை வேறு மாதிரி பார்த்துவிட்ட பிறகு அது சிரிப்பாகத் தெரியவில்லை.

அவள் எதையும் வரிசையாகச் சொல்லவில்லை. முன்னும் பின்னுமாகக் கோபத்தில் வந்து விழுந்தது. இரட்டைப் பின்னல் வயசில் இந்த மேஜைக்கு முன்னால் நின்று அடையாள அட்டைப் படங்கள் அடித்தாள். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தம்பி கைக்குழந்தை, மாமா வீட்டில். லீவு கேட்டாள், கிடைக்கவில்லை. ஒரு நாள் கீழே போன் வந்தது. எடுத்தவர் ஸ்டூடியோக்காரர்.

"மேல வந்து என்னைக் கூப்பிட்டான். பெரிய கேமராவை நிறுத்தினான். லைட்டு போட்டான். முடியைச் சரி பண்ணுன்னான். ஏதோ நல்லது நடக்கப்போகுதுன்னு நான் உக்காந்தேன் மேடம். எல்லாம் சரியா வச்சிட்டு, பொத்தானைக் கையில பிடிச்சிட்டு, உங்கம்மா செத்துட்டான்னு சொன்னான். சொல்லிட்டு அமுக்கினான்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். ஏன் கழற்றினோம் என்று அவருக்கே தெரியாத மாதிரி கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அந்த நெகட்டிவைக் கேட்டு அவள் பல தடவை வந்திருக்கிறாள். முகம் உன்னுடையது, படம் என்னுடையது என்றுதான் ஒவ்வொரு தடவையும் பதில். பிறகு வருஷங்கள் போய்விட்டன, தையல் கடை வந்தது, மறந்தும் போனாள். ஒரு நாள் தம்பி சாப்பிடும்போது, ஒரு பழைய பெட்டியைப் புதுப் பேப்பருக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன், ஏதோ சிரிக்கிற பெண் படமாம், அதற்காகத்தான் இவ்வளவு பாடு என்றான். பெருமையாகச் சொன்னான். எந்த முகத்தை அச்சடிக்க அவன் பால் கண்ணாடி அறுத்தான் என்று அவனுக்குத் தெரியாது.

"கடைசியா ஒரு தடவை கேட்டேன், திரை மாட்ட வந்தப்போ. நீ இப்ப யாருக்கும் அடையாளம் தெரிய மாட்ட, உனக்கென்னம்மா நஷ்டம்னான். கீழ இறங்கி டீ குடிக்கப் போயிட்டான். பெட்டி இருந்தது. தம்பிக்குச் சாமான் எடுத்துக் குடுத்து வளர்ந்தவ நான். எந்த ஒயர் எங்க போகுதுன்னு தெரியும்."

"பயமுறுத்தவா?" என்றார் இன்ஸ்பெக்டர். அவளுக்கு ஒரு வழி விட்டுக் கொடுக்கிற குரலில் கேட்டார்.

"சாகட்டும்னுதான் வச்சேன்."

அண்ணி இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தது இப்போது வெளியே வந்தது. அவள் கத்தவில்லை. பல்லுக்கு இடையில் பேசினாள்.

"என்கிட்ட வந்து இவரைக் கைகாட்டினீங்களே. இவர் என்ன பண்ணினார்? நான் கொஞ்சம் அசந்திருந்தா, என் கையாலயே ஒரு நிரபராதியை உள்ள தள்ளியிருப்பேன்."

"ஆமா. தள்ளுவீங்கன்னுதான் வந்தேன். எனக்கு என் தம்பி மட்டும்தான் மேடம். வேற யார் போனா என்னன்னுதான் இருந்தது." சகலையைத் திரும்பிப் பார்த்தாள். மன்னிப்பு கேட்கவில்லை. "தம்பி வேலையைக் குத்தம் சொல்லுவாங்கன்னு அன்னிக்கு எனக்குத் தோணல. தோணியிருந்தா அடுத்த நாள் ஒரு கத்தி எடுத்துட்டு வந்திருப்பேன்."

நெகட்டிவையும் படங்களையும் இன்ஸ்பெக்டர் எடுத்து உறையில் போட்டார். அப்போதுதான் அவள் முதல் தடவையாகப் பதறினாள். அது எதற்கு என்று கேட்டாள். காரணம் காட்டாமல் கேஸ் நிற்காது, கோர்ட்டில் எல்லாரும் பார்க்கத்தான் வேண்டும் என்றார். பல்பும் வாக்குமூலமும் போதாதா என்று அண்ணி அவர் மேல் பாய்ந்தாள். ஒரு ஆளைக் கொன்று நிறுத்திய கண்காட்சியை நீங்கள் நடத்தித் தரப் போகிறீர்களா என்று கேட்டாள். இன்ஸ்பெக்டருக்கு முகம் சிவந்ததே தவிர உறை கைமாறவில்லை. காரணம் தெரியாவிட்டால் அந்தத் தம்பியைத்தான் மறுபடி சந்தேகப்படுவார்கள் என்றார். அதில் தப்பு சொல்ல முடியவில்லை. அண்ணிக்கு அதுவும் கோபமாகத்தான் வந்தது.

தையல்காரி அந்த உறையைப் பார்த்தாள்.

"காட்டுங்க," என்றாள். "அவன் வெளிய வரட்டும்."

ஸ்டேஷனில் ஃபியூஸை வெளியே விட்டபோது அவன் சட்டை கசங்கி, தாடி முளைத்து, கோபம் மட்டும் புத்தம் புதிதாக இருந்தது. அண்ணியைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டான். எர்த் மாட்டினேன் என்று தலையால் அடித்துக்கொண்டேனே, ஒருத்தராவது நம்பினீர்களா? எவன் கழற்றினான் அதை? அவனை ஒரு தடவை என் முன்னால் நிறுத்துங்கள். தகரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சொல்ல வேண்டியது தன் வேலை இல்லை என்பதில் அவனுக்கு அவமானமான ஒரு நிம்மதி இருந்தது.

உள்ளறையிலிருந்து அக்கா வந்தாள். கூட ஒரு பெண் போலீஸ். தன்னைக் கூட்டிப் போகத்தான் வந்திருக்கிறாள் என்று ஃபியூஸ் நினைத்துக்கொண்டான். வா போகலாம், பசி உயிர் போகிறது என்றான்.

"நீ போ. சாவி பக்கத்து வீட்டுல குடுத்திருக்கேன்." அவள் அவனுடைய கசங்கிய காலரை இழுத்துச் சரிசெய்தாள். "எர்த்தைக் கழட்டினது நான்தாண்டா."

அவன் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான், பெண் போலீஸைப் பார்த்தான், மேஜையில் இருந்த உறையைப் பார்த்தான். ஏன் என்று கேட்கவில்லை. நேராக இன்ஸ்பெக்டரிடம் போனான்.

"சார், இவ பொய் சொல்றா. எனக்காகச் சொல்றா. நான்தான் மாட்டல."

"என்னய்யா சொல்ற?"

"மறந்துட்டேன் சார். எர்த் மாட்ட மறந்துட்டேன். கையெழுத்து போடறேன், பேப்பர் குடுங்க."

இத்தனை நாள் எல்லாரும் சேர்ந்து மிரட்டியும் வராத வார்த்தை. அதைச் சொல்லும்போது அவன் வாய் கோணிக்கொண்டது. மேஜையில் கிடந்த பேனாவை அவனே எடுத்துவிட்டான்.

அண்ணி அசைவதற்குள் தையல்காரி அசைந்தாள். அறை விழுந்த சத்தத்தில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவன் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி இன்ஸ்பெக்டர் முன்னால் வைத்தாள்.

"நீங்க எழுதுங்க சார்," என்றாள். "அவன் மறக்கல. எல்லாத்தையும் சரியா மாட்டியிருந்தான். அதை முதல் வரியா எழுதுங்க. மத்ததை அப்புறம் சொல்றேன்."